இருநூத்தி ஆறு

அந்த மேப்பை அப்படியே வெச்சிருங்க சார், மூடாதீங்க. எட்டிப் பாக்கறேன்னு நினைச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரர் போனைப் பாக்கற பழக்கம் எனக்கு இல்ல. வண்டி நின்னு இருபது நிமிஷமாச்சு, முன்னாடி எவ்வளவு தூரத்துக்கு நிக்குதுன்னு பாக்கத்தானே திறந்தீங்க? பாருங்க, பாருங்க. முதல்ல கலங்கலா வந்துச்சா? இப்ப கட்டம் கட்டமா தெளியுது பாத்தீங்களா? அந்த மேல் மூலை இன்னும் வரல. இப்ப வந்துடுச்சு.

அது எப்படி வருதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? யோசிச்சிருக்க மாட்டீங்க. யாருமே யோசிக்கறதில்ல. நான் யோசிச்சேன். யோசிச்சதுக்குத்தான் எனக்கு விசாரணைக் கமிஷன்.

கமிஷன்னா பெரிய கமிஷன் இல்ல. மூணு பேர். ஆபீஸ்லயே நடந்துச்சு. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நீங்களும் எங்க வேலை பாக்கறீங்கன்னு சொல்லலியே. மருந்துக் கம்பெனியா? சரி. நம்பறேன். என் பேர் திருஞானம். அதைச் சொல்றதுல ஒண்ணும் இல்ல.

நிலப்படம் போடற ஆபீஸ்னு வெச்சுக்குங்க. ஆத்துக்கும் கடலுக்கும் மேல ஆள் இல்லாத சின்ன விமானம் விட்டுப் படம் எடுத்து, எல்லாத்தையும் ஒட்டி ஒரே படமாக்கி, வெப்சைட்ல போடுவாங்க. எந்தக் கரை உடைஞ்சிருக்கு, எந்த வயல்ல தண்ணி நிக்குதுன்னு ஜனங்க போன்லயே பாத்துக்கலாம். அந்தப் படமெல்லாம் இருக்கற சர்வர் ரூமுக்கு நான் பொறுப்பு.

அதுக்கு முன்னாடி பத்தொன்பது வருஷம் ஒரு யூனிவர்சிடியில கேள்வித்தாள் அறைக்குப் பொறுப்பா இருந்தேன். அந்தப் பத்தொன்பது வருஷத்துல ஒரு தாள் வெளிய போனதில்ல. எழுதி வெச்சுக்குங்க. இல்ல, எழுத வேண்டாம், சும்மா சொன்னேன். அங்க சட்டம் ஒண்ணுதான். அரக்கு முத்திரை வெச்ச கட்டு, முழுக் கட்டாத்தான் உள்ள வரும், முழுக் கட்டாத்தான் வெளிய போகும். ஒரு தாள் மட்டும் குடுங்கன்னு துணைவேந்தரே வந்து நின்னாலும் கிடையாது. கட்டு பிரிஞ்சிருந்தா லீக்னு அர்த்தம். என் புத்தி அப்படிப் பழகினது. அதை நான் குறையாச் சொல்லல.

பெனிட்டான்னு ஒரு பொண்ணு இன்ஜினியரா வந்து சேந்தா. கடற்கரைக் குப்பத்துப் பொண்ணு. அவங்கப்பா படகு வெச்சிருந்தார். எந்த ஊர், என்ன ஜாதின்னெல்லாம் நான் பாக்கறவன் இல்ல சார். ஆனா கடற்கரைன்னா கடற்கரைதானே. கரையோரத்தை மேலேருந்து எடுத்த படம் யார் யாருக்கு வேண்டியிருக்கும்? நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே யோசிச்சுக்குங்க.

நல்ல பொண்ணுதான். வந்ததும் வணக்கம் சொல்வா. சர்வர் ரூம் பூட்டைத் தொடமாட்டா. ஆனா ஓயாம கேள்வி கேப்பா. இது ஏன் சார் இப்படி இருக்கு, அது ஏன் சார் அங்க இருக்குன்னு. அவ்வளவு கேள்வி கேக்கறவங்ககிட்ட நான் எப்பவும் கொஞ்சம் தள்ளித்தான் நிப்பேன்.

அவ வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா, பெரிய படத்தை எடுத்து லட்சக்கணக்கான சின்னத் துண்டா முன்னாடியே வெட்டி அடுக்கி வெச்சிடுவாங்க. யாராவது ஒரு இடத்தைப் பாத்தா, அந்த இடத்துத் துண்டு போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ஃபைல். சர்வர் தன் பதிவேட்டுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதும். யார் கேட்டா, என்ன கேட்டா, என்ன குடுத்தேன். கடைசியில ஒரு நம்பர். இருநூறுன்னா, கேட்டதை முழுசாக் குடுத்தாச்சுன்னு அர்த்தம். காலையில ஆபீஸ் போனதும் அந்தப் பதிவேட்டைத்தான் முதல்ல பாப்பேன். இருநூறு, இருநூறு, இருநூறுன்னு வரிசையா இருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும் சார்.

ஆனா ஒரு படத்தை வெட்டி முடிக்க ஒண்ணரை நாள் ஆகும். டிஸ்க்கும் ரொம்பும். பெனிட்டா அதை மாத்தினா. வெட்டவே வேண்டாம், முப்பத்தெட்டு ஜிபி படம் ஒரே ஃபைலா இருக்கட்டும், உள்ளயே கட்டம் கட்டமா அடுக்கிட்டு, சின்ன அளவுப் படத்தையும் அதுக்குள்ளயே வெச்சு, எந்தக் கட்டம் எங்க ஆரம்பிக்குதுன்னு ஃபைல் தலையில எழுதி வெச்சிட்டாப் போதும்னா. பாக்கறவங்க போன் முதல்ல தலையைப் படிச்சுக்கும். அப்புறம் இத்தனாவது எழுத்துலேருந்து இத்தனாவது எழுத்து வரைக்கும் குடுன்னு கேக்கும். அந்தத் துணுக்கு மட்டும் போகும். ஒண்ணரை நாள் வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. டைரக்டர் வசுந்தரா மேடத்துக்கு ஒரே சந்தோஷம். மீட்டிங்ல எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க. நானும் தட்டினேன்.

மறுநாள் காலையில பதிவேட்டைத் திறந்தேன். இருநூறைக் காணோம். இருநூத்தி ஆறு. வரி வரியா, பக்கம் பக்கமா, இருநூத்தி ஆறு.

அதுக்கு என்ன அர்த்தம்னு தேடிப் பாத்தேன். பகுதி மட்டும் குடுத்தேன்னு அர்த்தம். ஒரு ஃபைலோட நடுவுலேருந்து கொஞ்சம் பிச்சுக் குடுத்தேன். அதே ஃபைல்லேருந்து இன்னொருத்தனுக்கு இன்னொரு பிச்சு. பத்தொன்பது வருஷம் கட்டு பிரியாம காத்தவன் சார் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ரெண்டு வாரம் யார்கிட்டயும் பேசல. உக்காந்து எண்ணினேன். ஒரு டயரியில எழுதினேன். சனி, ஞாயிறு காலையில ஆறு மணியிலேருந்து ஏழு மணிக்குள்ள, ஒரே ஆள், பதினோராயிரத்துச் சொச்சம் தடவை கேட்டிருக்கான். ஒவ்வொரு தடவையும் துணுக்கு. யார்னு பாத்தா பெனிட்டா. அவ லாகின். அவ ஊர்லேருந்து.

நேராவே கேட்டேன். லீவு நாள்ல ஊர்ல உக்காந்து ஆபீஸ் படத்தை ஏம்மா தொடறேன்னு. அவ சொன்னா, "எங்க ஊர்ல சிக்னல் ரொம்ப மோசம் சார். அங்க திறந்தா எங்க வேணா திறக்கும். அதான் டெஸ்ட் பண்றேன்." டெஸ்ட் பண்ண பதினோராயிரம் தடவையான்னேன். அவ சிரிச்சா. படத்தை விரலால இழுத்தா போதும் சார், அதுபாட்டுக்கு நூறு தடவை கேக்கும்னா.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் மேஜைக்கு எதிர்ல உக்காந்தா. ஒரு மணி நேரம் விளக்கினா. என் மேஜை மேல கெட்டியா ஒரு ரிஜிஸ்தர் இருந்துச்சு, அதை எடுத்தா. "ஒருத்தர் இதுல ஒரு பக்கம் வேணும்னு கேட்டா ரிஜிஸ்தர் முழுசையும் ஜெராக்ஸ் எடுத்தா சார் குடுப்பீங்க? முன்னாடி இருக்கற பட்டியலைப் பாத்து, அந்தப் பக்கத்தை மட்டும்தானே குடுப்பீங்க?" அப்படின்னா. நான் கேட்டேன், ஒவ்வொரு பக்கமாக் கேட்டு வாங்கினா கடைசியில முழு ரிஜிஸ்தரும் அவன் கையில இருக்குமேன்னு. நியாயமான கேள்விதானே சார்? அவ சொல்றா, இருக்கட்டுமே சார், இது எல்லாரும் பாக்கறதுக்குன்னுதானே வெச்சிருக்கோம்னு.

காட்டறது வேற, குடுக்கறது வேற. அது அந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாது, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கும் தெரியாது.

உண்மையைச் சொல்லணும்னா அந்த ஒரு மணி நேரம் அவ என்ன சொன்னான்னு முழுசா நான் கேக்கல. அவ கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவ்வளவு பொறுமையா ஒருத்தி ஏன் விளக்கணும்? மடியில ஒண்ணும் இல்லாதவ, உங்களுக்குப் புரியலேன்னா போங்க சார்னு எழுந்து போயிருப்பா. இவ போகல. பேப்பர் எடுத்துக் கட்டம் போட்டுக் காட்டறா. எனக்கு அப்பவே தட்டிடுச்சு.

மேடத்துக்கு ஒன்பது பக்கம் எழுதிக் குடுத்தேன். அவங்க படிச்சிட்டு, தன் லாகினையே போட்டு யாராவது திருடுவாங்களா திருஞானம்னு கேட்டாங்க. அதுதான் மேடம் கெட்டிக்காரத்தனம், நாளைக்கு மாட்டினா இதைத்தானே சொல்வாங்கன்னேன். மேடம் ஒன்பது பக்கத்தையும் மறுபடி புரட்டினாங்க. ஆனா கரையோரப் படம், வெளியூர், பதினோராயிரம் தடவைன்னு எழுத்துல வந்த பிறகு அவங்களால சும்மா இருக்க முடியுமா? நகல் மேலிடத்துக்கும் போட்டிருந்தேன். பெனிட்டாவோட கான்ட்ராக்ட் ஆகஸ்ட்ல முடியற மாதிரி இருந்துச்சு. நீட்டிக்கல. அவ்வளவுதான். யாரும் அவளைத் திருடின்னு சொல்லல. நானும் சொல்லல. சந்தேகம்னுதான் எழுதினேன். திருட்டுங்கற வார்த்தை அந்த ஒன்பது பக்கத்துல ஒரு இடத்துலகூட இல்ல, நீங்க வேணா பாத்துக்கலாம்.

போற அன்னைக்கு வந்து சொல்லிட்டுத்தான் போனா. "வர்றேன் சார்"னா. சரிம்மான்னேன். கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. அலர்ஜியா இருக்கும். சர்வர் ரூம்ல அவ்வளவு குளிர்.

அவ போனதும் நான் செஞ்ச முதல் வேலை, சர்வர்ல ஒரு ரூல் போட்டேன். ஒரே ஒரு வரி. யார் வந்து துணுக்குக் கேட்டாலும் துணுக்குங்கற பேச்சையே காதுல வாங்காதே, குடுத்தா முழு ஃபைலைக் குடு. டெஸ்ட் பண்ணாமப் போட்டேன்னு கமிஷன்ல ஒருத்தர் சொன்னார். பொய். ரெண்டு எம்பி படம் ஒண்ணை வெச்சு டெஸ்ட் பண்ணேன். நல்லாத் திறந்துச்சு. பழைய படமெல்லாம் சின்னத் துண்டா வெட்டினதுதான், அதுங்களுக்கு ஒரு குறையும் இல்ல. பெனிட்டா போட்ட நாலஞ்சு பெரிய படம்தான் திறக்கலேன்னு ரெண்டு புகார் வந்துச்சு. போன் பழசா இருக்கும்னு பதில் போட்டேன். பதிவேட்டுல மறுபடியும் இருநூறு. எல்லாம் இருநூறு. செப்டம்பர், அக்டோபர் ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தேன் சார். வீட்டுலகூடச் சொன்னாங்க, முகம் தெளிஞ்சிருக்குன்னு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? போன்ல ஏதும் ரெக்கார்ட் பண்ணலையே? சும்மா கேட்டேன். கவுத்து வெச்சிருங்க, அது போதும்.

நவம்பர்ல அந்த மழை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மூணு நாள் விடல. மேல அணையைத் திறந்துட்டாங்க. எங்க மாவட்டத்துல ஆறு கடல்ல சேர்ற இடத்துல கோரைத்திட்டுன்னு ஒரு ஊர். நாலு பக்கமும் தண்ணி, நடுவுல அம்பது அறுபது வீடு. காலையில ஆறு மணிக்கெல்லாம் கரை உடைஞ்சு ஊருக்குள்ள தண்ணி. ஜனங்க பள்ளிக்கூடத்து மாடியில ஏறிட்டாங்க. மழை கொஞ்சம் விட்ட நேரம் பாத்து நம்ம ஆளுங்க விமானம் விட்டுப் படம் எடுத்துட்டாங்க. வெட்டி அடுக்க ஒண்ணரை நாளுக்கு எங்க போறது? அதனால பெனிட்டா எழுதி வெச்ச புரோகிராம்லயே ஓட்டி, எட்டே காலுக்குப் பெரிய ஃபைலா ஏத்திட்டாங்க. ரூல் போட்டிருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. ஏத்தப்போறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. இதை நீங்க கவனிக்கணும். யாரும் சொல்லல.

மீட்புப் படகுக்குப் பொறுப்பு இளவழகன்னு ஒருத்தர். எட்டே முக்காலுக்குப் போன் பண்ணார். படம் திறக்க மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்குன்னார். வழக்கமாப் போற பாதையில ஒரு பாலம் சரிஞ்சு தண்ணி சுழிச்சு அடிக்குது, படகு திரும்பிடுச்சு, வேற எந்தப் பக்கம் போனா கரன்ட் கம்பியும் வேலியும் இல்லாம உள்ள நுழையலாம்னு மேலேருந்து பாத்தாத்தான் தெரியும்னார். நான் உடனே பதிவேட்டைப் பாத்தேன். பாக்காம இருக்கல. பாத்தேன். இருநூறு. முப்பது போன் கேட்டிருக்கு, முப்பதுக்கும் இருநூறு. இங்கேருந்து முழுசாப் போயிக்கிட்டிருக்கு சார், உங்க போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னேன். அவரும் பண்ணார் பாவம்.

முப்பது போன்ல ஒவ்வொண்ணுக்கும் முப்பத்தெட்டு ஜிபியை ஊத்திக்கிட்டிருந்தா லைன் என்ன ஆகும்னு கமிஷன்ல கேட்டாங்க. இப்பக் கேட்டா எனக்கும் தெரியும். அன்னைக்கு என் கண்ணு முன்னாடி இருநூறுன்னு எழுதியிருக்கு. எழுதியிருக்கறதை நம்பறதா, போன்ல ஒருத்தர் கத்தறதை நம்பறதா?

ஒன்பது பத்துக்குப் பெனிட்டா கூப்பிட்டா.

இளவழகன் அவளுக்குப் போன் பண்ணியிருக்கார். ஆடி மாசம் டெஸ்ட் பண்றப்ப அவர் படகுல போய்த்தான் அவ சிக்னல் பாத்தாளாம், அந்தப் பழக்கம். எடுத்ததும், "சார், பதிவேட்டுல என்ன நம்பர் வருது?"ன்னா.

நான் எதுக்கு உனக்குச் சொல்லணும்னேன்.

"இருநூறு வருதா சார்?"

நான் திரையைப் பாத்தேன்.

"இருநூறு வந்தா அதுதான் சார் தப்பு. இருநூத்தி ஆறு வரணும். துணுக்குக் கேக்கறதை ஏதோ ஒரு ரூல் மறிக்குது. அந்த ஒரு வரியை எடுத்திடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

நீங்க என் இடத்துல இருந்து பாருங்க. ஆபீஸை விட்டுப் போய் மூணு மாசம் ஆன ஒருத்தி, எண்பது கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு, என் பதிவேட்டுல என்ன நம்பர் இருக்குன்னு சரியாச் சொல்றா. நான் போட்ட ரூல் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியுது. கதவைத் திற, திறன்னு அவசரப்படுத்தறா. இந்த மாதிரி நேரம் பாத்துத்தானே சார் செய்வாங்க, எல்லாரும் பதட்டத்துல இருக்கறப்ப? "உனக்கு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டேன். அவ ஏதோ சொல்ல வந்தா. நான் போனை வெச்சிட்டேன்.

ஒன்பது அம்பதுக்கு மறுபடி அவ நம்பர் வந்துச்சு. எடுக்கல. அப்புறம் அவ எப்படியோ மேடத்தோட டிரைவர் நம்பரைப் பிடிச்சிருக்கா. மேடம் மேலதிகாரிங்க மீட்டிங்ல இருந்தாங்க, டிரைவர் உள்ள போய்க் கூட்டிட்டு வந்திருக்கார். பத்தேகாலுக்கு மேடம் லைன்ல வந்து, "திருஞானம், நீங்க போட்ட ரூலை எடுங்க"ன்னாங்க. எழுத்து மூலமாக் குடுங்க மேடம்னேன். குடுக்கணும்ல? நாளைக்கு ஒண்ணுன்னா யார் பொறுப்பு? அப்புறம் மெசேஜ் வந்துச்சு, பத்து இருபத்தி மூணுக்கு. எடுத்தேன். ஒரு வரி. அரை நிமிஷம்கூட ஆகல. பதிவேட்டுல இருநூத்தி ஆறா ஓட ஆரம்பிச்சுது. இளவழகன் போன்ல படம் திறந்துச்சு. பழைய செங்கல் சூளைப் பக்கம் தண்ணி அமைதியா இருக்குன்னு பாத்து அந்த வழியாப் போயிருக்காங்க. பதினொண்ணே காலுக்குள்ள மாடியில இருந்த நூத்திப் பன்னண்டு பேரையும் எடுத்துட்டாங்க.

நூத்திப் பன்னண்டு பேர் சார். அதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

தனவேல்னு ஒருத்தர் பத்தியே பேசறாங்க. அம்பத்திரண்டு வயசு. அவங்கம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கு மாடியில. படகு வந்துட்டுத் திரும்பிப் போனதை எல்லாரும் பாத்திருக்காங்க. இன்னும் காணோமேன்னு, படகைக் கூப்பிட்டுக்கிட்டு வரேன்னு சொல்லி, இடுப்புல கயிறைக் கட்டிக்கிட்டுத் தண்ணியில இறங்கியிருக்கார். கயிறு அறுந்திருக்கு. மூணாம் நாள் கருவேலங்காட்டுல கிடைச்சார். அம்மா பிழைச்சுக்கிச்சு.

அவர் ஏன் சார் இறங்கணும்? மத்த நூத்திப் பன்னண்டு பேர் இறங்கலியே? அது மட்டும் இல்ல, அவர் இறங்கினது பத்து மணிக்கு. பத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன இருக்கலாம், மாடியில இருந்தவங்க நாலு பேர் சொல்லியிருக்காங்க. மேடம் என்கிட்டப் பேசினது பத்தேகாலுக்கு. எழுத்துல குடுங்கன்னு நான் கேட்டது அதுக்கு அப்புறம். அப்ப நான் எழுத்துல கேட்டதால அவர் போகல. கணக்கு சரியா இருக்கா? நான் பல தடவை போட்டுப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு.

ஜனவரியில கமிஷன். மூணு நாள். என் டயரியை வாங்கிக்கிட்டாங்க. ஒன்பது பக்கத்தையும் சத்தமாப் படிச்சாங்க. நான் எழுதினதை இன்னொருத்தர் வாயால கேக்கறப்ப என்னமோ மாதிரி இருந்துச்சு. அதுல கடற்கரைக் குப்பம்னு ஏழு இடத்துல இருக்குன்னு ஒருத்தர் எண்ணிச் சொன்னார். முகவரிக்காக எழுதினேன்னேன்.

மூணாம் நாள் பெனிட்டாவைச் சாட்சியாக் கூப்பிட்டாங்க. காட்டன் புடவை கட்டிக்கிட்டு வந்திருந்தா. மெலிஞ்சிருந்தா. இப்ப ஏதோ காலேஜ்ல வேலையாம். நான் தயாரா இருந்தேன் சார். அவ என்னவெல்லாம் சொல்வா, நான் என்னவெல்லாம் பதில் சொல்லணும்னு நாலு பக்கம் எழுதி மடிச்சு பையில வெச்சிருந்தேன். என் வேலையைக் கெடுத்தார்னு சொல்வா. எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்தார்னு சொல்வா. விளக்கினேன், காதுல வாங்கலேன்னு சொல்வா. மூஞ்சியில அடிச்ச மாதிரி போனை வெச்சார்னு சொல்வா.

துணுக்கு துணுக்கா எடுக்கறதைப் பத்தி இவருக்கு முன்னாடியே விளக்கினீங்களான்னு கேட்டாங்க. "விளக்கினேன் சார். ஆனா சரியா விளக்கல. அவருக்குப் புரியற மாதிரி சொல்றது என் வேலை. அதை நான் ஒழுங்காச் செய்யல"ன்னா.

ஒன்பது பத்துக்குப் பேசினீங்களே, ஒண்ணரை நிமிஷத்துல ஏன் முடிஞ்சுதுன்னு கேட்டாங்க. நான் பையில இருந்த நாலு பக்கத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். அவ, "கட் ஆயிடுச்சு சார்"னா. யார் கட் பண்ணதுன்னு அவங்க கேக்கல. இவளும் சொல்லல. மழை, லைன் சரியில்லேன்னு எழுதிக்கிட்டாங்க.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதோட முடிஞ்சுது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போறேன், பென்ஷனுக்கு ஒரு குறையும் இல்ல. அவ மட்டும் வேற மாதிரிச் சொல்லியிருந்தா நான் இன்னைக்கு இந்த பஸ்ல உக்காந்திருக்க மாட்டேன். தெரியும் எனக்கு. நான் முட்டாள் இல்ல.

அதனாலதான் விடல. வராந்தாவுல அவ பின்னாடியே போய் நிறுத்திக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னே, யார் சொல்லச் சொன்னதுன்னு.

அவ என்னைப் பாத்தா. கோபமாப் பாக்கல. அப்படிப் பாத்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். "அன்னைக்கு நீங்க போனை வெச்சதும் நான் உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கணும் சார். இல்ல, மேடத்தைத் தேடியிருக்கணும். எனக்குக் கோபம். இவர்கிட்ட இன்னும் எத்தனை தடவை கெஞ்சறதுன்னு போனைத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துட்டேன். எங்கப்பாதான் வந்து திட்டி எடுக்க வெச்சார். நாப்பது நிமிஷம் சார். தனவேல் பத்து மணிக்குத்தான் இறங்கியிருக்கார்"ன்னா.

சொல்லிட்டு நின்னா.

நான் வாயைத் திறக்கல சார். அந்த இடத்துல வாயைத் திறந்திருந்தா மாட்டியிருப்பேன். பக்கத்துல யாராவது நிக்கறாங்களான்னு பாத்தேன். அவ கையில போன் இருந்துச்சு, திரை அணைஞ்சிருக்கான்னு பாத்தேன். அணைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தன் மேல தப்பைச் சொல்லிக்கிட்டா, எதிர்ல இருக்கறவனும் தன் தப்பைச் சொல்வான்னு ஒரு வழி இருக்கு. போலீஸ்ல அப்படித்தான் கறப்பாங்க. நான் பிடி குடுக்கல.

போயிடுவான்னு பாத்தேன். போகல. நின்னுக்கிட்டே இருந்தா. ரெண்டு நிமிஷம் இருக்கும், மூணு நிமிஷம்கூட இருக்கும். என் முகத்தையே பாத்துக்கிட்டு, நான் ஏதாவது சொல்வேன்னு காத்துக்கிட்டு நின்னா. அப்புறம் தலையை ஆட்டிட்டுப் படியிறங்கிப் போயிட்டா.

எட்டு மாசம் ஆச்சு சார். தினம் யோசிக்கறேன். கமிஷன் முடிஞ்சாச்சு, அவளும் பழைய வேலை வேண்டாம்னுட்டா, மேடம் கூப்பிட்டும் வரல. என்னால அவளுக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கு நின்னா?

வண்டி நகருது. நீங்க அடுத்த ஸ்டாப்பிங்கா? இருங்க சார், ஒரு நிமிஷம். நீங்க நாலு இடம் போறவர், நாலு பேரைப் பாக்கறவர். சொல்லிட்டு இறங்குங்க. அந்தப் பொண்ணுக்கு என்கிட்டேருந்து என்னதான் வேணும்?